ஜி.எஸ்.டி. ரோட்டில் ஒரு ஜெராக்ஸ் கடை

2017 ஜூலை ஒண்ணாம் தேதி நாடு முழுக்க ஜி.எஸ்.டி. வந்தபோது என் அக்கா வீட்டுக்காரர் கொஞ்சமும் அலட்டிக்கொள்ளவில்லை. "நமக்கென்ன மாப்ளே, நாங்க கடை போட்ட நாள்லேர்ந்தே ஜி.எஸ்.டி.லதான இருக்கோம்" என்றார்.

தென்சென்னைக்காரர்களுக்கு இந்த ஜோக் உடனே புரியும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். கிண்டியிலிருந்து தாம்பரம், பெருங்களத்தூர், வண்டலூர் வழியாகத் தெற்கே போகும் சாலைக்கு கிராண்ட் சதர்ன் டிரங்க் ரோடு என்று வெள்ளைக்காரன் காலத்துப் பெயர். சுருக்கமாக ஜி.எஸ்.டி. ரோடு. அந்த ரோட்டை ஒட்டி வண்டலூர் ரயில்வே ஸ்டேஷனுக்கு நடக்கிற தூரத்தில் மாமாவின் ஜெராக்ஸ் கடை இருக்கிறது. மிருகக்காட்சிசாலைக்கு வருகிறவர்களால் அவருக்கு ஒரு பைசா பிரயோஜனமில்லை. சிங்கம் பார்க்க யாரும் ஆதார் நகல் கொண்டு போவதில்லையே! வியாபாரம் எல்லாம் சுற்றுவட்டார இன்ஜினீயரிங் காலேஜ் பிள்ளைகளாலும், கூடுவாஞ்சேரி, மறைமலைநகர் பக்கத்துச் சின்னச் சின்னக் கம்பெனிகளாலும்தான்.

நான் பி.காம். படித்தவன். எங்கள் குடும்பத்தில் இதற்கு ஓர் அர்த்தம் உண்டு. வரி என்று எந்தக் கடுதாசி வந்தாலும் என் முன்னால் கொண்டுவந்து நீட்டுவார்கள். சேல்ஸ் டாக்ஸ் பேப்பரில் நான் வாங்கிய மார்க் 42 என்பது இதுவரை யாருக்கும் தெரியாது. இப்போது உங்களுக்குத் தெரியும்.

2024 தீபாவளிக்கு முன்னால் நடந்தது இது. மாமாவின் பழைய மெஷின் பேப்பரை மென்று துப்ப ஆரம்பித்திருந்தது. புதுசு வாங்க வேண்டும். ஆன்லைனில் ஒரு நல்ல மெஷின், வரியோடு சேர்த்து 1,18,000 ரூபாய். என் கிரெடிட் கார்டுக்கு 5,000 ரூபாய் கேஷ்பேக் என்று மின்னிக்கொண்டிருந்தது. என் செல்போன், என் அக்கவுண்ட், என் கார்டு. டெலிவரி அட்ரஸ் மட்டும் வண்டலூர்.

பட்டனை அழுத்துவதற்கு முன் மாமா ஒரே ஒரு கேள்வி கேட்டார். "பில்லு கடை பேர்ல வருமா மாப்ளே?"

"அதெல்லாம் அப்புறம் மாத்திக்கலாம், கவலைய விடுங்க மாமா" என்றேன்.

இந்த வாரக் கட்டுரை முழுக்க அந்த ஒரு வரிக்கான பிராயச்சித்தம்தான்.

என்ன ஆயிற்று என்று சொல்வதற்கு முன் இந்த வரி எப்படி வேலை செய்கிறது என்று பார்த்துவிடுவோம். வாட், ஜி.எஸ்.டி. எல்லாவற்றுக்கும் அடிப்படை ஒன்றுதான். பழைய விற்பனை வரியில் ஒரு கோளாறு இருந்தது. வரி கட்டி வாங்கிய பொருளை வைத்து வேறொன்று செய்து விற்றால் அதன்மேல் மறுபடி வரி. வரிக்கு மேல் வரி. பிரான்ஸில் மோரிஸ் லோரே என்ற வரித்துறை அதிகாரி ஒரு வழி சொன்னார். ஒவ்வொருவரும் தான் விற்றதில் வசூலித்த வரியிலிருந்து, தான் வாங்கியதில் கொடுத்த வரியைக் கழித்துக்கொண்டு மிச்சத்தை மட்டும் கட்டினால் போதும். 1954ல் அங்கே இது சட்டமானது. அப்புறம் உலகமே காப்பியடித்தது.

மாமா கடைக்கே வருவோம். லேமினேஷன் ரோல் 1,000 ரூபாய்க்கு வாங்குகிறார். 18 சதவீதம் வரி, 180 ரூபாய். அதை வைத்துக் கம்பெனிகளுக்கு 2,500 ரூபாய்க்கு வேலை செய்து கொடுக்கிறார். அவர்களிடம் 450 ரூபாய் வரி வசூலிக்கிறார். அரசாங்கத்துக்கு 450 கட்ட வேண்டாம். ஏற்கெனவே கொடுத்த 180ஐக் கழித்துக்கொண்டு 270 கட்டினால் போதும். 1,000 ரூபாய்ச் சரக்கில் அவர் தன் உழைப்பால் கூட்டிய மதிப்பு 1,500. அதற்கு 18 சதவீதம் போட்டுப் பாருங்கள், அதே 270 வரும். கழித்துக்கொள்ளும் அந்த 180க்குத்தான் 'இன்புட் டாக்ஸ் கிரெடிட்' என்று பெயர். ஆடிட்டர் பாஷையில் 'ஐ.டி.சி.' வியாபாரிக்கு அது பணம்.

ஆனால் அந்தப் பணத்தை எடுக்க ஒரு சாவி வேண்டும். அந்தச் சாவி, பில்லில் அச்சாகும் 15 எழுத்து நம்பர். ஜி.எஸ்.டி. நம்பர் பார்த்திருப்பீர்கள். முதல் இரண்டு இலக்கம் மாநிலம். தமிழ்நாட்டுக்கு 33. அடுத்த பத்தும் உங்கள் பான் நம்பர். அதே பான் நம்பரில் அந்த மாநிலத்தில் எத்தனையாவது பதிவு என்பதற்கு ஒன்று, பிறகு பெரும்பாலும் 'இசட்', கடைசியில் சரிபார்க்கும் எழுத்து ஒன்று. வாங்குகிறவரின் இந்த நம்பர் பில்லில் இல்லையென்றால், சட்டத்தின் கண்ணில் வாங்கியவர் வியாபாரி இல்லை. வீட்டுக்கு மிக்ஸி வாங்கிய குடும்பத்தலைவர்.

மாமாவின் மெஷினுக்கு வந்த பில்லில் என் பெயர் இருந்தது. என் வேளச்சேரி அட்ரஸ் இருந்தது. மாமா கடையின் நம்பர் இல்லை.

பொங்கல் சமயத்தில் மூணு மாசக் கணக்கை எடுத்துக்கொண்டு பெருங்களத்தூர் ஆடிட்டரிடம் போனோம். அந்தக் காலாண்டில் மாமா வாடிக்கையாளர்களிடம் வசூலித்திருந்த வரி 31,000 ரூபாய். டோனர், ரோல் என்று சில்லறை கிரெடிட் 4,000 இருந்தது. மெஷினுக்கான 18,000ஐயும் கழித்தால் 9,000 கட்டினால் போதும் என்பது என் கணக்கு. போகிற வழியில் பைக்கில் உட்கார்ந்தபடியே மாமாவிடம் சொல்லியும்விட்டேன்.

ஆடிட்டர் பில்லைப் புரட்டிப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

"இது யாரு?" என்றார் என் பெயரைக் காட்டி.

"நான்தான் சார்."

"நீங்க ஜெராக்ஸ் கடை வெச்சிருக்கீங்களா?"

அவ்வளவுதான். விற்றவருக்கு மெயில் போட்டேன். பில் போட்டு, ரிட்டர்ன் தாக்கலும் ஆகிவிட்டது, பெயர் மாற்ற முடியாது என்று மரியாதையாகப் பதில் வந்தது. அவர்மேல் தப்பில்லை. ஆர்டர் போடும்போதே நம்பரைக் கொடுத்திருந்தால் தானாக வந்திருக்கும். வந்த உடனே கவனித்திருந்தாலாவது பொருளைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் புதிதாக ஆர்டர் போட்டிருக்கலாம். அந்த நாள் கெடு எப்போதோ தாண்டிவிட்டது. மெஷின் அதற்குள் பல ஆயிரம் காப்பி போட்டுவிட்டது.

ஐயாயிரம் மிச்சம் பிடிக்கப் போய்ப் பதினெட்டாயிரம் போயிற்று. கார்டு என்னுடையதாக இருந்தது பிரச்னையே இல்லை என்பதுதான் இதில் வயிற்றெரிச்சல். பணம் யார் கார்டிலிருந்து போனாலும், மாமா பெயரில் ஒரு பிசினஸ் அக்கவுண்ட் திறந்து, கடை நம்பரைப் பதிந்து, அதில் ஆர்டர் போட்டிருந்தால் போதும். பிறகு எனக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுத்துக் கணக்கில் எழுதிக்கொள்ளலாம். பத்து நிமிஷ வேலை.

மாமா ஒன்றும் சொல்லவில்லை. 27,000 கட்டினார். அதில் 18,000 என் வாய்க்கொழுப்பு.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஒரு கவரில் 18,000 போட்டு எடுத்துக்கொண்டு போனேன். மாமா கவரை வாங்கிப் பார்த்துவிட்டு, "நீ எழுதற ஒரு கட்டுரைக்கு எவ்ளோ குடுக்கறாங்க?" என்று கேட்டார். கொஞ்சம் கூட்டியே சொன்னேன். அவர் மனசுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்து, "அப்ப இன்னும் நிறைய எழுதணும்போல இருக்கே" என்று சிரித்துவிட்டுக் கவரைத் திருப்பி என் சட்டைப் பையில் செருகினார். அதற்கப்புறம் இரண்டு மாசம் அவர் என்னிடம் வரி பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. கடுதாசி எதுவும் என் முன்னால் நீளவில்லை. இதற்குக் கவரை வாங்கிக்கொண்டிருக்கலாம் என்று தோன்றியது.

அந்த இரண்டு மாசத்தில், காலேஜில் படிக்காமல் விட்டதையெல்லாம் உட்கார்ந்து படித்தேன். படிக்கப் படிக்க ஒன்று உறைத்தது. ஆன்லைனில் வெளியூர்ச் சரக்கு வாங்கும் வியாபாரிக்குப் பழைய காலத்தில் எவ்வளவு பெரிய ஓட்டை இருந்தது தெரியுமா?

நம் ஊருக்கு விற்பனை வரி புதுசில்லை. 1939ல் ராஜாஜி பிரதமராக இருந்த சென்னை மாகாணத்தில்தான் பொது விற்பனை வரி வந்தது. மதுவிலக்கால் போன வருமானத்தை ஈடுகட்டக் கொண்டுவந்தார். பிறகு 1959ல் தமிழ்நாடு பொது விற்பனை வரிச் சட்டம் என்று இன்றும் பழைய கடை போர்டுகளில் பார்க்கலாம், 'டி.என்.ஜி.எஸ்.டி. எண்' என்று. (ஆக, மாமா ஜோக்கில் இன்னொரு உண்மையும் இருக்கிறது.) 2005 ஏப்ரலில் பல மாநிலங்கள் வாட்டுக்கு மாறியபோது நாம் மாறவில்லை. வணிகர் சங்கங்கள் கடுமையாக எதிர்த்தன. 2007 ஜனவரி 1ல்தான் இங்கே வாட் வந்தது. உள்ளூரில் வாங்கினால் கொடுத்த வரியைக் கழித்துக்கொள்ளலாம். சந்தோஷம். ஆனால் பெங்களூரிலிருந்தோ டெல்லியிலிருந்தோ வாங்கினால்? அது மத்திய விற்பனை வரி, அதாவது சி.எஸ்.டி. 'சி ஃபாரம்' கொடுத்தால் சலுகை விகிதம். கடைசியில் 2008 ஜூனிலிருந்து 2 சதவீதம். அந்த 2 சதவீதத்தைக் கழித்துக்கொள்ள வழியே கிடையாது. அது போனது போனதுதான். அதோடு அந்த சி ஃபாரத்துக்காக வணிகவரி அலுவலகத்துக்கு நடந்த நடை தனி.

அதனால் அன்றைக்கு மாமா போன்றவர்கள் பேப்பர் வேண்டுமென்றால் பாரிமுனை ஆண்டர்சன் தெருவுக்குத்தான் போனார்கள். எலெக்ட்ரிக் டிரெயினில் ஏறி பீச் ஸ்டேஷனில் இறங்கி, பேரம் பேசி, மூட்டையோடு திரும்பி வரவேண்டும்.

ஜி.எஸ்.டி.யில் அந்த ஓட்டை அடைபட்டது. விற்பவர் தமிழ்நாட்டிலேயே இருந்தால் பில்லில் 9 சதவீதம் மத்திய வரி, 9 சதவீதம் மாநில வரி என்று இரண்டு வரி இருக்கும். விற்பவர் ஹரியானாவில் இருந்தால் (நம்பர் 06ல் தொடங்கும்) ஐ.ஜி.எஸ்.டி. என்று 18 சதவீதம் ஒரே வரியாக இருக்கும். இரண்டையும் மாமா கழித்துக்கொள்ளலாம். ஐ.ஜி.எஸ்.டி. கிரெடிட் எல்லாவற்றுக்கும் செல்லும். முதலில் ஐ.ஜி.எஸ்.டி. பாக்கிக்கு, மிஞ்சியதை மத்திய, மாநில வரி எதற்கு வேண்டுமானாலும். மத்திய வரி கிரெடிட்டை மட்டும் மாநில வரிக்குக் கழிக்க முடியாது, அதே மாதிரி தலைகீழாகவும் முடியாது. அண்ணன் தம்பி சொத்து மாதிரி, வேலி போட்டிருக்கிறார்கள்.

இதனால்தான் குர்கானிலிருந்து வரும் டோனருக்கும் ஆண்டர்சன் தெரு டோனருக்கும் வியாபாரி கண்ணில் வித்தியாசம் இல்லாமல் போனது. விலையைப் பார்க்கும்போது வரியை நீக்கிவிட்டுப் பார்க்க வேண்டும் என்பது மட்டும் பலருக்கு இன்னமும் பழகவில்லை. ஒருவன் 1,150 ரூபாய்க்கு நம்பர் இல்லாத துண்டுச் சீட்டில் தருகிறான். இன்னொருவன் 1,180க்கு முறையான பில்லோடு தருகிறான். உங்களுக்கும் எனக்கும் முதல் ஆள் மலிவு. மாமாவுக்கு இரண்டாவது ஆளின் அசல் விலை 1,000.

ஆனால் எல்லா வியாபாரிக்கும் இது பொருந்தாது. ஒன்றரைக் கோடி வரை விற்பனை உள்ளவர்கள் 'காம்போசிஷன்' திட்டத்தில் சேர்ந்து, கடைக்காரரானால் விற்பனையில் 1 சதவீதம் கட்டிவிட்டுப் போகலாம். அவர்களுக்கு இந்தக் கழிவு கிடையாது. 40 லட்சத்துக்குள் பொருள் மட்டும் விற்று, பதிவே செய்யாத மளிகைக் கடை அண்ணாச்சிக்கும் கிடையாது. சேவை என்றால் அந்த வரம்பு 20 லட்சம். மாமா ஏன் பதிந்தார் என்றால், கம்பெனிக்காரர்கள் 'ஜி.எஸ்.டி. பில் இருந்தாத்தான் ஆர்டர்' என்றார்கள். அவர்களுக்கும் அதே கழிவு வேண்டுமே! சங்கிலி அப்படித்தான் இழுக்கும்.

லண்டன் ஈஸ்ட்ஹாமில் கடை வைத்திருக்கும் என் கல்லூரி நண்பனிடம் இதைச் சொன்னபோது, "இங்கயும் இதே கதைதான்டா. வாட் 20 பர்சன்ட். 90,000 பவுண்டுக்கு மேல வித்தா பதியணும். என் பையனும் ஒருதரம் சொந்த அக்கவுண்ட்ல வாங்கிட்டான்" என்றான். கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. வெட்கப்படாமல் சொல்கிறேன்.

மாமா பேச்சுவார்த்தையை மீண்டும் தொடங்கியது மார்ச் கடைசியில். ஒரு ராத்திரி பத்தரைக்கு வாட்ஸ்அப்பில் ஒரு பில் படம் வந்தது. டோனர், 8,000 ரூபாய், வரி 1,440. கடைப் பெயர் இருந்தது. நம்பர் இருந்தது. அட்ரஸ் சரி. கீழே ஒரு வரி: 'எல்லாம் சரியா இருக்கா மாப்ளே?'

சரியாகத்தான் இருந்தது. ஏப்ரலில் ஆடிட்டர் கூப்பிட்டு, "இந்த 1,440ஐ இப்ப எடுக்க முடியாது" என்றார்.

இது இரண்டாவது பூட்டு. பில் உங்கள் கையில் இருந்தால் மட்டும் போதாது. விற்றவர் அந்த பில்லைத் தன் ரிட்டர்னில் உங்கள் நம்பரோடு காட்டியிருக்க வேண்டும். அப்படிக் காட்டியவை மாதாமாதம் '2பி' என்ற பட்டியலாக உங்கள் பக்கத்தில் வந்து உட்காரும். 2022 ஜனவரி 1 முதல், அந்தப் பட்டியலில் இல்லாத பில்லுக்குக் கழிவு கிடையாது. நீங்கள் முழுப் பணத்தையும் வரியோடு சேர்த்துக் கொடுத்திருந்தாலும் சரி.

இது நியாயமா என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். நம் ஊர் ரப்பர் ஷீட் வியாபாரிகள் கோர்ட்டிலேயே கேட்டிருக்கிறார்கள். பீத்தெல் எண்டர்பிரைசஸ் வழக்கு என்பார்கள். விற்றவரிடம் வரியோடு பணம் கொடுத்துவிட்டோம், அவர் அரசாங்கத்துக்குக் கட்டவில்லை என்பதற்காக எங்களிடம் எப்படிக் கேட்கலாம் என்பது அவர்கள் வாதம். சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2021 பிப்ரவரியில் அந்த உத்தரவுகளை ரத்து செய்தது. விற்றவரைக் கூப்பிட்டு விசாரிக்காமல், அவர்மேல் நடவடிக்கை எடுக்காமல், வாங்கியவர் தலையில் மட்டும் சுமத்தியது தப்பு என்று சொல்லி, மறுபடி விசாரிக்க அனுப்பியது. அதற்குப் பிறகு வந்ததுதான் மேலே சொன்ன 2பி விதி. பெரிய வியாபாரிக்கு இதைக் கவனிக்க ஆள் இருக்கிறது. மாமாவுக்கு இருப்பது ராத்திரி பத்தரை மணி மட்டும். வரியைக் கட்டாமல் விட்டவனைப் பிடிப்பது அரசாங்கத்தின் வேலையா, டோனர் வாங்கிய ஜெராக்ஸ் கடைக்காரரின் வேலையா? எனக்கு இதில் சந்தேகமே இல்லை.

நல்லவேளை, அந்த டோனர்காரர் ஏமாற்றுக்காரர் இல்லை. மூன்று மாசத்துக்கு ஒருமுறை ரிட்டர்ன் போடும் சின்ன வியாபாரி. அவர் தாக்கல் செய்ததும் பட்டியலில் 1,440 வந்துவிட்டது. அவசரமும் இல்லை. நிதியாண்டு முடிந்து வரும் நவம்பர் 30 வரை எடுத்துக்கொள்ளலாம். வருடாந்திர ரிட்டர்னை அதற்கு முன்பே போட்டுவிட்டால் அதோடு சரி. கடன் சொல்லி வாங்கினால் மட்டும், 180 நாளுக்குள் விற்றவருக்குப் பணத்தைக் கொடுத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் எடுத்த கழிவை வட்டியோடு திருப்பிக் கட்டச் சொல்வார்கள்.

ஒன்று மறந்துவிட்டேன். ஆன்லைனில் நீங்கள் வாங்குவது அந்தப் பெரிய கம்பெனியிடமிருந்து என்று நினைக்காதீர்கள். அது பெரும்பாலும் சந்தை நடத்துகிறது, அவ்வளவே. விற்பவர் வேறு ஆள். ஒரே ஆர்டரில் மூன்று பொருள் போட்டால் மூன்று மாநிலத்து மூன்று பில் வரலாம். எல்லாரும் வியாபாரிக்கான பில் கொடுப்பவர்களும் இல்லை. பொருளுக்குக் கீழே ஜி.எஸ்.டி. இன்வாய்ஸ் உண்டு என்று போட்டிருக்கிறதா என்று பார்த்துவிட்டு அழுத்துங்கள். அப்புறம் மாற்றிக்கொள்ளலாம் என்று பி.காம். படித்த மச்சினன் யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

2025 செப்டம்பர் 22ல் வரி விகிதங்களை மாற்றினார்கள். 12, 28 என்ற படிகளை எடுத்துவிட்டு, பெரும்பாலானவற்றுக்கு 5, 18 என்று இரண்டே படி. மாமாவின் 18 அப்படியே இருக்கிறது. அன்றைக்கு ராத்திரி போன் பண்ணி, "ஏதாச்சும் புதுசா வாங்கலாமா மாப்ளே?" என்று கேட்டார். மறுபடி என்னைக் கேட்கிறாரே என்ற சந்தோஷத்தில் அதன் ஆபத்து எனக்கு அப்போது தெரியவில்லை.

அடுத்த காலாண்டுக் கணக்குக்கு ஆடிட்டரிடம் போனபோது ஃபைலில் ஒரு பில் இருந்தது. கடைப் பெயர் பளிச்சென்று இருந்தது. 33ல் தொடங்கும் நம்பர் ஓர் எழுத்து பிசகாமல் இருந்தது. 2பி பட்டியலிலும் சமர்த்தாக வந்து உட்கார்ந்திருந்தது. மூன்று ஜார் மிக்ஸி.

"இது எதுக்கு சார் கடைக்கு?" என்றார் ஆடிட்டர்.

"தீபாவளிக்கு எடுத்தது சார். நம்பர் போட்டுத்தான வாங்கினேன்? எல்லாம் கரெக்டா இருக்கே!"

சொந்த உபயோகத்துக்கு வாங்கியதற்குக் கழிவு கிடையாது, நம்பர் போட்டிருந்தாலும் கிடையாது என்று ஆடிட்டர் பென்சிலால் அதை அடித்தார். மாமா என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்தேன்.

வீட்டுக்கு வந்து அக்காவிடம் சொன்னோம். அவள் அப்போது அதே மிக்ஸியில் தேங்காய்ச் சட்னி அரைத்துக்கொண்டிருந்தாள். நிறுத்திவிட்டு முழுவதும் கேட்டாள். "தினம் கடைப் பசங்க ரெண்டு பேருக்கும் சேர்த்துத்தான அரைக்கறேன், அத யாராச்சும் அந்த ஆடிட்டர்கிட்ட சொன்னீங்களா?" என்று கேட்டுவிட்டு மறுபடி ஓட விட்டாள்.